மிரண்ட நாய்க்கு ஒரு மூலை கொடுங்கள்

வீடு மாறும்போது பால், பள்ளிக்கூடம், தண்ணீர் வசதி எல்லாம் விசாரிக்கிறோம். வீட்டு நாயை மட்டும், "அது பாட்டுக்குப் பழகிடும்" என்று விட்டுவிடுகிறோம். நாய்க்கு வீடு என்பது சுவரும் கூரையும் அல்ல, சகோதரிகளே! பழகின வாசனையும் பழகின சத்தமும்தான். இரண்டும் ஒரே நாளில் மறைந்தால் மிரண்டுவிடுகிறது. மிரண்ட நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கிட்டே வரும் குழந்தையைக் கடித்தாலும் கடிக்கும்.

என் கணவருக்கு மாற்றலாகி, நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை பெரக்கரை நாட்டுக்குக் குடிவந்தோம். (இந்த மலையில் ஊர்கள் சேர்ந்த பகுதியை 'நாடு' என்பார்கள்.) எங்களுடன் மூன்று வயதுப் பையன், நாட்டு நாய் மணி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! நாய்க்கும் நம்மைப் போலவே குமட்டும். ஆகையால் புறப்படுவதற்கு நாலு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

வந்ததும் மணி கட்டிலடியில் புகுந்துகொண்டான். வால் கால்களுக்கிடையே, காதுகள் பின்னால் மடிந்திருந்தன. சாமான் இறக்க வந்தவர், "ரெண்டு போட்டு வெளியே இழுங்கம்மா" என்றார். மிளகு காயப் போட்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "வேணாங்கண்ணு, அதுவா வரட்டும்" என்றார். பாட்டி சொன்னதே சரி. பயம் திமிர் அல்ல, அடித்தால் அதிகமாகும்.

நான் கடைப்பிடித்த முறைகள் இவை:

* நடமாட்டமில்லாத மூலையில் மணியின் பழைய சாக்கைத் துவைக்காமலே விரித்தேன். என் பழைய புடவையையும் போட்டேன். பழகின வாசனை பாதி பயத்தைப் போக்கும்.

* பழைய வீட்டில் சோறு வைத்த அதே நேரம், அதே தட்டு. வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

* "மணி மூலையில இருந்தா யாரும் கிட்டப் போகக்கூடாது" என்று பையனுக்குச் சொல்லிவைத்தேன். ஆனாலும் இருவரையும் தனியே விடவில்லை.

* வெளியே போகும்போது கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம். முதலில் வாசல், பிறகு வேலி, பிறகு தெரு.

* இடி இடித்தால் கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தேன். தடவினால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். கிட்டே வந்தால் தடவலாம், ஒதுங்கினால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கணைத்த பிறகு தட்டை நக்கும் சத்தம் கேட்டது. மூன்று வாரத்தில் வாசலில் படுத்தான். வேலி தாண்டித் தெருவுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. சில நாய்களுக்கு இன்னும் நாளாகும், அவசரப்பட வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். நாய் உறுமினால் அதட்டாதீர்கள். 'கிட்டே வராதே' என்று அது சொல்லும் எச்சரிக்கை அது. அதட்டி அடக்கினால், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கலாம். குழந்தையை நகர்த்துவதே புத்திசாலித்தனம்.

முழுசாக ஒரு நாள் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கெடுப்படி தொடருங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

மூலையும் நேரமும் பொறுமையும்தான் மருந்து. மூன்றுக்கும் காசு செலவில்லை!