மெக்சிகோ வளைகுடாவின் ஆக்சிஜன் குறை மண்டலம்: ஊட்டச்சத்து மாசும் காலநிலை மாற்றமும்

முன்னுரை

ஒவ்வொரு கோடையிலும் அமெரிக்காவின் லூசியானா, டெக்சாஸ் கடற்கரைகளை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவின் அடிநீரில் ஆக்சிஜன் குறை மண்டலம் உருவாகிறது. கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே செல்லும் பகுதியே இவ்வாறு வரையறுக்கப்படுகிறது. இதன் பரப்பு 1985 முதல் அளவிடப்பட்டு வருகிறது. இம்மண்டலம் உருவாவதில் ஊட்டச்சத்து மாசும் காலநிலையும் இணைந்து செயல்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊட்டச்சத்து மாசு

அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 விழுக்காடு மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் அடங்கும். மக்காச்சோளம், சோயா வயல்களில் பயிர் எடுத்துக்கொண்டதுபோக எஞ்சும் நைட்ரேட், வடிகால்கள் வழியே ஆற்றில் கலந்து வசந்தகால வெள்ளத்துடன் கடலை அடைகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் நுண்பாசிகளைப் பெருகச் செய்கின்றன. மடிந்து அடியில் படியும் பாசிகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. நீந்தும் மீன்கள் பெரும்பாலும் விலகிச் செல்கின்றன. இடம்பெயர இயலாத புழுக்களும் சிப்பியினங்களும் மடிகின்றன.

காலநிலையின் பங்கு

ஆற்று நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் அது மேலடுக்காகப் பரவி, வளிமண்டல ஆக்சிஜன் அடிநீரை அடைவதைத் தடுக்கிறது. மேற்பரப்பு வெப்பமடைவதால் இவ்வடுக்கமைவு வலுப்பெறுகிறது. வெப்பநீரில் கரையும் ஆக்சிஜனின் அளவும் குறைகிறது. உயிரினங்களின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. கனமழை மிகும் ஆண்டுகளில் ஆறு சுமந்துவரும் நைட்ரேட்டும் மிகுகிறது.

அளவீடுகளும் இலக்கும்

வறட்சி நிலவிய 2012-இல் இம்மண்டலத்தின் பரப்பு சுமார் 7,500 சதுர கிலோமீட்டர். 2017-இல் அது 22,720 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதுவரை அளவிடப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. 2020-இல் அளவீட்டுக்குச் சற்று முன்னர் ஹன்னா சூறாவளி நீரடுக்குகளைக் கலக்கியதால் பரப்பு சுமார் 5,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. எனவே ஓராண்டின் குறைவை மாசுக் கட்டுப்பாட்டின் வெற்றியாகக் கொள்வது பொருந்தாது. 5,000 சதுர கிலோமீட்டர் என்னும் இலக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வகுக்கப்பட்டமைக்கு இவ்வேறுபாடே காரணம். 2001-இல் வகுக்கப்பட்ட அவ்விலக்கை எட்டுவதற்கான கெடு 2015-இலிருந்து 2035-க்கு நீட்டிக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பல்லாண்டுகளாகத் தேங்கிய நைட்ரஜன், உரப் பயன்பாடு குறைந்த பின்னரும் கசிந்துகொண்டிருக்கும். கடல் வெப்பமடைய வெப்பமடைய, அதே அளவு மாசுக் குறைப்பால் விளையும் பயனும் சுருங்கும். ஆகவே, கடந்தகாலக் காலநிலையை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படும் குறைப்பளவு வருங்காலத்திற்குப் போதாது. வெப்ப உயர்வையும் சேர்த்துக் கணிப்பதே கடலோர நீரின் தரத்தைக் காக்கும் திட்டங்களுக்கு உரிய அடிப்படையாகும்.