8051-க்குள் ஒரு பூட்டு

எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8051 வரும்? காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து பாருங்கள், கொஞ்ச நேரம் பிடிக்கும். விடை 83, 97. இரண்டும் பகா எண்கள். பெருக்குவது நொடி வேலை, பிரித்தெடுப்பதுதான் பாடு. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் இந்தப் பாட்டையே பூட்டாக்கினார்கள். ஆர்.எஸ்.ஏ. என்று பெயர். இன்று பல இணையதளங்களின் பூட்டில் 300 இலக்கங்களுக்கு மேற்பட்ட இரண்டு பகா எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெருக்கி வந்த எண் ஊருக்கே தெரியலாம். அந்த இரண்டும் தெரியக் கூடாது. (2024-இல் கண்டுபிடித்த, 4 கோடி இலக்கங்களைத் தாண்டிய பகா எண் இதற்கு உதவாது. ஊரறிந்த எண்ணை யார் சாவியாக வைப்பார்கள்?)

பூட்டு பிசகுவது எண்ணைப் பொறுக்கும் இடத்தில். 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் கிடந்த லட்சக்கணக்கான பொதுச் சாவிகளை, அதாவது அப்படிப் பெருக்கி வந்த எண்களை, ஒப்பிட்டார்கள். வெவ்வேறு ரவுட்டர்கள் ஒரே பகா எண்ணை எடுத்திருந்தது தெரிந்தது. அதனால் என்ன என்கிறீர்களா? ஒரு ரவுட்டரின் எண் 8051, இன்னொன்றின் எண் 8383 என்று வையுங்கள். கழித்தால் 332. 8051-ஐ 332-ஆல் வகுத்தால் மீதி 83. அந்த 83 மீதியில்லாமல் 332-ஐ வகுக்கிறது. மூன்றே வரியில் இரண்டு பூட்டும் திறந்துவிட்டன! வீட்டு ரவுட்டர் 'அப்டேட்' கேட்டால் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இணைய மோசடியில் பணம் பறிகொடுத்தவர்களில் பலரிடம் யாரும் பகா எண்ணைத் தேடிப் போகவில்லை, ஓ.டி.பி.யைக் கேட்டார்கள், சொல்லிவிட்டார்கள். சில உலாவிகளில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்றுதான் சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. மோசடித் தளமும் அந்தப் பூட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவைத் தெரிந்து வைத்திருங்கள். தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. தவறு உங்கள் பக்கமும் இல்லை, வங்கிப் பக்கமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் முழுப் பாதுகாப்பு. ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரை போனது உங்கள் தலையில், அதற்குப் பின் போவது வங்கியின் தலையில். ஆகவே வெட்கப்பட்டு ஒரு நாள் கடத்துவதுதான் பெரிய நஷ்டம். தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்; கவுண்டரில் யாராவது மாற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அதற்கெல்லாம் முன்னால், பணம் போன நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அது பகா எண் அல்ல. 2, 5, 193 என்று உடைந்துவிடும். இருந்தாலும் கைபேசியில் இப்போதே சேமித்து வையுங்கள்.