மெல்வில்

தோளும் வில்லும் – 9

கொல்லிமலையை ஆண்ட ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டே போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. அதனால் அவன் வல்வில் ஓரி. மிதிலையிலும் யாராலும் அசைக்க முடியாத வில்லை நாணேற்றியவனுக்குத்தான் சீதை. நம் கதைகள் ஆளை வில்லின் பாரத்தால் அளக்கின்றன. இலேசான வில்லை எடுத்தவனுக்கு ஒரு பட்டப்பெயர்கூடக் கிடையாது.

என் பழைய மூங்கில் வில்லை முழுக்க இழுக்க 40 பவுண்டு விசை வேண்டும். அதை இழுத்து என் வலது தோள் கெடவில்லை, கெட்டது வேலையில். கப்பலில் கண்டெய்னர்களைக் கட்டும் லாஷிங் வேலை. கனமான கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டி முறுக்க வேண்டும். பல வருஷம் செய்தேன். ஒரு ராத்திரி சட்டை கழற்றக் கை எழவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு, “சவ்வு பாதி கிழிஞ்சிருக்கு” என்றார்கள். மூன்று மாதம் பயிற்சியாகச் சுவரில் விரல்களால் ஏறினேன். அப்புறம் ரப்பர் பட்டை. போன மாதம்தான் 18 பவுண்டு வில் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

தோள் மூட்டில் உருண்டை பெரிது, அது உட்காரும் குழி சின்னது. உருண்டையை நழுவாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு நான்கு சிறிய தசைகளுக்கும் அவற்றின் முனைகளுக்கும். ஸ்கேன் பார்த்தவர்கள் சவ்வு என்றது அந்த முனையைத்தான்; மருத்துவத் தமிழில் அதற்குத் தசைநாண் என்று பெயர். வில்லில் ஒரு நாண், தோளில் நான்கு. தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் முழுக்க இழுத்ததும் பாரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். மரபு வில்லில் அந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். தாடையில் கையை ஊன்றிக் குறி பார்க்கும் இடத்தில்தான் உச்சம். அந்த நேரத்தில் தோள் காதை நோக்கி ஏறினால், மேலே இருக்கும் தசைநாண் எலும்புக்கு அடியில் நசுங்கும்.

“தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடம் இருக்கணும்ணே. கையால இழுக்காதீங்க, முதுகால இழுங்க” என்றது பிசியோதெரபி செய்த பெண். தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர வேண்டும், அவ்வளவுதான். 40 பவுண்டில் கையின் முரட்டுத்தனம் முதுகை வேலை செய்ய விட்டதே இல்லை. 18 பவுண்டில்தான் அந்த எலும்பு நகர்வது முதல்முறையாகத் தெரிந்தது.

லிம்பா ராமை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உதய்ப்பூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வேட்டையாடி வளர்ந்தவர். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்கில் நின்றவர். 1992-ல் பெய்ஜிங்கில் 30 மீட்டரில் உலக சாதனையைச் சமன் செய்தார். கால்பந்து ஆடும்போது தோளில் அடிபட்டது. பழைய உயரத்துக்குத் திரும்ப முடியவில்லை. பிறகு இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அப்பேர்ப்பட்ட வில்லாளியையே ஒரு மூட்டு நிறுத்தியது என்பதை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது.

நான் இருக்கும் வள்ளூரில் கடல்காற்று எழும் முன்பே அம்பு விட்டுவிட வேண்டும். எனக்குக் காற்று சொல்வது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிதான். புகை நேராக ஏறினால் வில்லை எடுப்பேன். மேற்கே சாய்ந்தால் முடித்துக்கொள்வேன். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் சாய்த்த வைக்கோல் கட்டு, 10 மீட்டர் தூரம். வைக்கோல்மேல் காலையில் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். அம்பு தைத்த இடத்தில் மட்டும் அது உதிரும்.

நேற்று 12 அம்பு விட்டேன். ஒன்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. ஆசை வந்தது. பதின்மூன்றாவதை இழுத்தேன். தாடைக்கு வரும்போதே தோள் மேலே ஏறுவது தெரிந்தது. சுவரோரம் நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பையன், “இன்னாண்ணா, உடலையா?” என்றான்.

நாணை விடாமல், மெதுவாக, வந்த வழியே முன்னால் கொண்டுபோய் இறக்கினேன். அம்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

(தொடரும்)