குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்

ஹெரோயின் அளவு மீறினால், மூச்சுவிட உடலை ஏவும் மூளைப்பகுதி மந்தமடைகிறது. மூச்சு குறையும், உதடும் நகமும் நீலம் பாயும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், தொண்டையில் குறட்டை போன்ற சத்தம் எழும். "வெறியில் நித்திரை கொள்கிறான்" என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. அந்த நித்திரையே மரணமாகலாம்.

மதுவோ நித்திரைக் குளிசையோ சேர்ந்தால் ஆபத்து பெருகும். சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ திரும்பியவருக்குப் பழைய அளவே உயிரைப் பறிக்கலாம். இடைவெளியில் உடல் தாங்கும் வலுவை இழந்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. தட்டி எழுப்புங்கள். எழும்பாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.
2. மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்.
3. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தனியே விடாதீர்கள்.
4. எடுத்தது என்னவென்று வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

நலொக்சோன் என்னும் மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் வலு விரைவில் குறைவதால் வைத்தியசாலைக் கவனிப்பு அவசியம். அவுஸ்திரேலியாவில் 2022 முதல் இம்மருந்து குடும்பத்தவர் கையிலும் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.

இவ்வாறு இறந்தோரை நினைவுகூரும் நாள் ஆகஸ்ட் 31. இது 2001இல் மெல்பேர்னில் தொடங்கியது. வெட்கத்தால் கதவைச் சாத்தினால் உதவி உள்ளே வராது. முதலில் உயிரைக் காப்போம். புத்திமதியைப் பிறகு சொல்லலாம்.