தொலைநிலைச் சேவையக மேலாண்மையில் துறை எண் தேர்வு

முன்னுரை

தமிழ் மின்னூலகங்கள், இணைய ஆய்விதழ்கள் முதலானவை பல வாடகைச் சேவையகங்களில் இயங்குகின்றன. அவற்றைப் பேணுவோருள் கணினியியலைத் தனியே பயிலாத தமிழ் ஆய்வாளர்களும் உளர். அறந்தாங்கியில் இருந்துகொண்டு சென்னையிலோ மும்பையிலோ உள்ள சேவையகத்தை ஒருவர் நிர்வகிக்கிறார் எனின், அவர் உள்நுழையும் வழி பிறர் கைப்படுமாயின் பல்லாண்டு உழைப்பில் உருவான மின்பதிப்பு ஓரிரவில் அழியக்கூடும். அவ்வழிக்குரிய துறை எண்ணை எவ்வாறு தெரிவுசெய்வது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

துறையும் எண்ணும்

சேவையகத்தின் முகவரி ஒன்று. அதில் இயங்கும் சேவைகள் பல. வரும் தரவு எச்சேவைக்குரியது எனப் பிரித்தறிய உதவுவது துறை எண். பேச்சுவழக்கில் இதனைப் 'போர்ட்' என்பர். துறை என்னும் சொல்லே இதற்கு மிகப் பொருந்துகிறது எனலாம். அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே ஒரே கடற்கரையில் கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் எனத் துறைகள் வேறுபடினும் கடல் ஒன்றே அன்றோ?

துறை எண்கள் 0 முதல் 65535 வரை அமையும். 1023 வரையுள்ளவை பொதுச் சேவைகளுக்கு உரியவை; யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இவற்றைத் திறக்கத் தலைமைப் பயனர் உரிமை வேண்டும். 1024 முதல் 49151 வரை பதிவுக்குரியவை. எஞ்சியவை தற்காலிக இணைப்புகளுக்கானவை.

22 வந்த வரலாறு

1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதன் விளைவாகத் தாத்து யுலோனென் உருவாக்கியதே எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்க நெறிமுறை. கோப்புப் பரிமாற்றத்திற்குரிய 21க்கும் டெல்நெட்டிற்குரிய 23க்கும் இடையே 22 ஒதுக்கப்படாமல் இருந்தது. அவ்வெண்ணை அவர் மின்னஞ்சலில் கேட்டார். மறுநாளே ஒதுக்கீடு கிடைத்தது. இன்று இத்தகைய எளிமையை எண்ணிப்பார்க்கவும் இயலாது.

எண்ணை மாற்றுவதன் பயன்

22 உலகறிந்த எண்ணாதலின், தானியங்கி நிரல்கள் அதனை இடையறாது தட்டிக் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கின்றன. எண்ணை மாற்றினால் இத்தட்டல்கள் பெரிதும் குறையும். பதிவேட்டில் உண்மையான ஊடுருவல் முயற்சி கண்ணில் படும். ஆயின் இது மறைவே அன்றிப் பூட்டு அன்று. ஒரு சேவையகத்தின் எல்லாத் துறைகளையும் துழாவிப் பார்க்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டுத் திறவுகோல் இணையால் மட்டுமே நுழைவதுதான் பூட்டு. அதனைச் செய்யாமல் எண்ணை மட்டும் மாற்றுவது வீண் ஆறுதலாகவே முடியும்.

தெரிவு

மாற்றுவதெனின் 2222 போன்ற எளிதில் ஊகிக்கத்தக்க எண்ணால் பயன் குறைவு. லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரையுள்ள எண்களை எடுத்துக்கொள்வதால், அவ்வெல்லைக்குள் தேர்ந்தால் எப்போதேனும் மோதல் நேரலாம். எனவே 1024க்கும் 32767க்கும் இடையில், வேறு சேவை எதுவும் பயன்படுத்தாத எண் ஏற்றது.

இவ்விதிகளினும் முதன்மையானது வேறொன்று: நாம் எங்கிருந்து இணைகிறோம் என்பது. கல்லூரி வலையமைப்புகள் சில, வலைத்தளங்களுக்குரிய 80, 443 ஆகியவற்றைத் தவிர வெளிச்செல்லும் துறைகளை அடைத்துவிடுகின்றன. வீட்டு இணைப்பில் திறக்கும் 18422 அங்கே திறவாது. 443ஐயே எஸ்.எஸ்.எச்.க்குத் தரலாம் என்பார் உளர். அதே சேவையகத்தில் பாதுகாப்பான வலைத்தளமும் இயங்குமாயின் அவ்வெண் முன்பே பயன்பாட்டில் இருக்கும். நிறுவனத்தின் வலையமைப்பு நிர்வாகியிடம் கூறி ஓர் எண்ணைத் திறக்கச் செய்வதே முறையானது.

மாற்றும் முறை

முதலில் தீச்சுவரில் புதிய எண்ணைத் திறக்க வேண்டும். வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தனித் தீச்சுவர் இருப்பின் அங்கும் திறக்க வேண்டும். பின்னர் அமைவுக் கோப்பில் 22ஐ நீக்காமலேயே புதிய எண்ணையும் சேர்த்துச் சேவையை மறுதொடக்கம் செய்க. செஎலினக்ஸ் இயங்கும் தளங்களில் அதன் அனுமதியும் தேவை. இருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் புதிய எண் வழியே நுழைந்து பார்க்க வேண்டும். வீடு, கல்லூரி, கைப்பேசி இணையம் என வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லா இடங்களிலிருந்தும் நுழைவு கிடைத்த பின்னரே 22ஐ அடைத்தல் நன்று.