துளையிடற் சுழற்சி

துளையிடற் சுழற்சி என்பது, சி.என்.சி. எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டுப் பொறிகளில், ஒரு துளையை இடுவதற்கு வேண்டிய அசைவுகள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கும் நிரலாக்க முறை ஆகும். பட்டறைகளில் இது டிரில்லிங் சைக்கிள் எனப்படுகிறது. துளையின் இடத்துக்குச் செல்லுதல், விரைந்து இறங்குதல், வெட்டுதல், வெளியேறுதல் ஆகியவை எல்லாத் துளைகளுக்கும் பொதுவானவை. ஆகவே இவ்வரிசை கட்டுப்பாட்டகத்திலேயே பதிந்து வைக்கப்பட்டுள்ளது. நிரலர் அளவுகளை மட்டும் தந்தால் போதும்.

பின்னணி

எண்முறைக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் 1952-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. தமிழ்நாட்டில், 1962-இல் நூற்பு இயந்திரங்களுக்காகத் தொடங்கப்பட்ட கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பின்னர் சி.என்.சி. இயந்திரங்களையும் செய்யத் தொடங்கியது. புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டிலும், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. இத்தகைய பேட்டைகளின் எந்திரப் பட்டறைகளுக்குச் செல்ல விரும்பும் ஐ.டி.ஐ. மாணவர் கற்கவேண்டிய அடிப்படைகளுள் இச்சுழற்சிகளும் அடங்கும்.

முக்கிய வகைகள்

கீழுள்ள குறிகள் ஃபானக் வகைக் கட்டுப்பாட்டகம் கொண்ட மில்லிங் இயந்திரங்களுக்கு உரியவை.

- ஜி81: ஒரே மூச்சில் துளைத்து விரைந்து வெளியேறும். ஆழம் குறைந்த துளைகளுக்கு ஏற்றது.
- ஜி82: அடியில் சிறிது நேரம் நின்று, அடிப்பரப்பைச் சீராக்கும்.
- ஜி83: சிறிது சிறிதாகத் துளைத்து, ஒவ்வொரு முறையும் துளைக்கு வெளியே வந்து சீவல்களை அகற்றும். ஆழமான துளைகளுக்கு உரியது.
- ஜி73: இதுவும் சிறிது சிறிதாகவே துளைக்கும்; ஆனால் முழுதும் வெளிவராமல் சற்றே பின்வாங்கிச் சீவலை முறிக்கும்.
- ஜி84: மரையிடுவதற்கு உரியது. அடியில் சுழற்சித் திசை மாறி, டேப் வெளிவரும்.
- ஜி80: நடப்பிலுள்ள சுழற்சியை நீக்கும்.

எடுத்துக்காட்டு

எம்8 மரைக்காக 6.8 மி.மீ. விட்டத்தில், 30 மி.மீ. ஆழத்தில் மூன்று துளைகள் இடவேண்டும் எனக் கொள்வோம்.

ஜி99 ஜி83 எக்ஸ்20.0 ஒய்15.0 இசட்-30.0 ஆர்2.0 க்யூ5.0 எஃப்120
எக்ஸ்50.0
எக்ஸ்80.0
ஜி80

இசட் ஆழத்தையும், ஆர் வெட்டு தொடங்கும் உயரத்தையும், க்யூ ஒவ்வொரு முறையும் துளைக்கும் அளவையும், எஃப் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. வேகம் என்பதையும் குறிக்கும். ஆர் உயரத்திலிருந்து மொத்தத் தொலைவு 32 மி.மீ. ஆதலால், ஒரு துளை ஏழு முறைகளில் முடியும். சுழற்சியின்றி எழுதினால் இதே வேலைக்கு 60-க்கும் மேற்பட்ட வரிகள் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியவை

இரண்டாம், மூன்றாம் வரிகளில் எக்ஸ் மட்டுமே உள்ளது. மற்ற அளவுகளைக் கட்டுப்பாட்டகம் நினைவில் வைத்துள்ளது. சுழற்சியின் பயனும் ஆபத்தும் இந்நினைவிலேயே உள்ளன. ஜி80 இடாமல், வெறும் எக்ஸ், ஒய் அளவுகளைக் கொண்ட வரி வந்தால், வேண்டாத அவ்விடத்திலும் துளை விழும்.

திரும்பும் உயரமும் அவ்வாறே நினைவில் நிற்கும். ஜி99 இருந்தால் துளைக்கருவி ஆர் உயரத்துக்கு மட்டுமே ஏறும். ஜி98 இருந்தால் சுழற்சி தொடங்குமுன் இருந்த உயரத்துக்கு ஏறும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், இரண்டாம் மூன்றாம் துளைகளுக்கு இடையே 40 மி.மீ. உயரமுள்ள கிளாம்ப் இருந்தால், 2 மி.மீ. உயரத்தில் விரையும் துளைக்கருவி அதில் மோதி முறியும்; சுழல்தண்டின் தாங்கிகளும் பழுதடையக்கூடும். ஆகவே தொடக்க உயரத்தை 50 மி.மீ. ஆக வைத்து, கிளாம்புக்கு முந்தைய துளையின் வரியில் ஜி98 இடவேண்டும். தடையைக் கடந்தபின் மீண்டும் ஜி99 இடலாம்.

நிரலை முதன்முறை ஓட்டும்போது, வேலைத்துண்டுக்கும் கிளாம்புகளுக்கும் மேலே பாதுகாப்பான உயரத்தில், ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் இத்தகைய பிழைகள் முன்னரே தெரிந்துவிடும்.