சீட்டுக்கட்டு எப்போது கலைகிறது?

ரம்மி ஆடுபவர்கள் இரண்டு மூன்று முறை கலைத்துவிட்டுச் சீட்டைப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அது போதவே போதாது. போன ஆட்டத்தில் செட் சேர்ந்த சீட்டுகள் பல, கட்டுக்குள் இன்னும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும்.

52 சீட்டுகளை அடுக்கும் வழிகள், 8-க்குப் பின்னால் 67 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணைத் தாண்டும். அவற்றில் எதுவும் ஏறக்குறையச் சம வாய்ப்போடு வரும் என்றால்தான் கட்டு கலைந்ததாகக் கணிதம் ஒப்புக்கொள்ளும். அதற்கு ஏழு முறை வேண்டும் என்று 1992-ல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் காட்டினார்கள். டயகோனிஸ் பதினான்கு வயதில் வீட்டைவிட்டு, டாய் வெர்னான் என்ற மேஜிக் கலைஞரோடு ஊர் சுற்றப் போனவர். கணிதப் பேராசிரியரானது பிறகுதான்.

அவர்கள் எடுத்துக்கொண்டது, கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரல்களால் ஓரத்தை நெகிழவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று விழச் செய்யும் முறை. 1 முதல் 52 வரை எண்ணிட்ட கட்டைச் சரிபாதியாகப் பிரித்து ஒருமுறை கலைத்துப் பாருங்கள். 1 முதல் 26 வரையுள்ள சீட்டுகள் தமக்குள் வரிசை மாறியிருக்காது. 27 முதல் 52 வரையும் அப்படியே. ஆக, இரண்டு ஏறுவரிசைகள். அடுத்த முறை அதிகபட்சம் நான்கு, பிறகு எட்டு, பதினாறு, ஐந்தாம் முறை 32. கட்டு முழுக்கத் தலைகீழாக, 52, 51, 50 என்று அமைய 52 ஏறுவரிசைகள் வேண்டும். எனவே ஐந்து முறை கலைத்த கட்டில் அந்த அடுக்கு வரவே வராது.

கை சுத்தமாக இருந்தால் இன்னும் மோசம். சரிபாதியாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிசகில்லாமல் கோத்து, மேல்சீட்டு மேலேயே இருக்கும்படி எட்டு முறை செய்தால் கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும்! தேர்ந்த மேஜிக் கலைஞர்கள் இதை வெறுங்கையால் செய்கிறார்கள். இங்கே இரண்டு சீட்டு சேர்ந்து விழ, அங்கே மூன்று விழ, அந்தத் தடுமாற்றம்தான் கட்டைக் கலைக்கிறது.

கொத்துக் கொத்தாக உருவி மேலே போடும் வழக்கமான முறைக்கு ஏழு எங்கே, ஆயிரக்கணக்கான தடவை தேவை. அதற்குத் தரையில் பரப்பி இரு கையாலும் ஒரு நிமிடம் துழாவுவது எவ்வளவோ மேல்.

சூதாட்ட விடுதிகளுக்குக் கலைக்கும் இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, தன் புதிய இயந்திரத்தைச் சோதிக்க டயகோனிஸையும் புள்ளியியலாளர் சூசன் ஹோம்ஸையும் அழைத்தது. ஒவ்வொரு சீட்டையும் பத்துத் தட்டுகளில் ஏதோ ஒன்றில், மேலேயோ அடியிலேயோ செருகி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கும் இயந்திரம் அது. நன்றாகக் கலைந்த கட்டை ஒவ்வொன்றாகத் திறந்து, அடுத்தது எது என்று ஊகித்தால் சராசரியாக நாலரை சீட்டு சரியாக வரும். இந்த இயந்திரம் கலைத்த கட்டில் ஒன்பதரை வந்தது. ஒவ்வொரு தட்டிலும் சீட்டுகள் கொஞ்சம் ஏறுமுகமாகவும் பிறகு இறங்குமுகமாகவும் சேர்ந்திருந்ததே காரணம்.